சைட்டோபிளாசம்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செல்லின் படம் வரையச் சொன்னால் உட்கருவை அழகாக வரைவோம், மைட்டோகாண்ட்ரியாவுக்கு உள்ளே வளைவு வளைவாகக் கோடு போடுவோம், கடைசியில் மிச்சம் இருக்கும் வெள்ளை இடத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டு "சைட்டோபிளாசம்" என்று எழுதி முடித்துவிடுவோம். அந்த வெள்ளை இடம் காலியானது என்ற எண்ணம் அங்கேதான் வேர் பிடிக்கிறது. செல்லின் பெரும்பாலான வேலைகள் நடப்பது அந்த இடத்தில்தான் என்பதால் அதைப் பற்றி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சைட்டோபிளாசம் என்று சரியாக எதைச் சொல்கிறோம்?

செல் சவ்வுக்கு உள்ளே, உட்கருவுக்கு வெளியே இருக்கும் எல்லாமே சைட்டோபிளாசம். திரவம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்தத் திரவத்தில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், கோல்கை உறுப்பு, லைசோசோம், சேமித்து வைத்த கொழுப்புத் துளிகள், ஸ்டார்ச் மணிகள், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் புரத இழைகள் எல்லாம் சேர்ந்ததுதான் சைட்டோபிளாசம். சில பாடநூல்களில் குழியவுரு என்று இருக்கும், அதுவும் இதுவேதான்.

அப்போ சைட்டோசால், புரோட்டோபிளாசம் என்பதெல்லாம்?

நுண்ணுறுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சும் திரவப் பகுதி சைட்டோசால். சைட்டோபிளாசத்தோடு உட்கருவின் உள்ளே இருப்பதையும் சேர்த்தால் புரோட்டோபிளாசம். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு மதிப்பெண் வினாக்களில் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

அது தண்ணீர் மாதிரி இருக்குமா, ஜெல்லி மாதிரி இருக்குமா?

சைட்டோசாலில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர்தான். ஆனால் அதைத் தண்ணீர் என்று கற்பனை செய்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் உள்ளே அவ்வளவு நெரிசல். புரதங்களும் ஆர்என்ஏக்களும் மற்ற பெரிய மூலக்கூறுகளும் சேர்ந்து 20 முதல் 30 சதவீதம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கூட்டம் நிரம்பிய பேருந்தில் பின்பக்கம் இருப்பவர் முன்வாசலுக்கு வருவது எப்படி இருக்குமோ, அப்படித்தான் ஒரு பெரிய புரதம் அங்கே நகர்கிறது. பச்சை ஒளிர்புரதம் என்று ஒன்று இருக்கிறது, அதை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் உருவாக்கி அதன் நகர்வை அளந்து பார்த்தபோது, வெறும் தண்ணீரில் பரவுவதைவிடச் சுமார் 10 மடங்கு மெதுவாகப் பரவியது. சிறிய மூலக்கூறுகளுக்கு இவ்வளவு சிரமம் இல்லை, இடுக்குகளில் புகுந்து போய்விடும்.

அதனால் "ஜெல்லி போன்ற திரவம்" என்ற பாடநூல் வரி பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது. ஒரே செல்லுக்குள்ளேயே ஓரிடத்தில் கெட்டியாகவும் இன்னோரிடத்தில் இளகியும் இருக்கும், ஒரே இடம் கொஞ்ச நேரத்தில் கெட்டியிலிருந்து இளகிய நிலைக்கு மாறும். அமீபா போலிக்கால் நீட்டி நகர்வதே இந்த மாற்றத்தை வைத்துத்தான். ஓரத்தில் இருக்கும் சைட்டோபிளாசம் கெட்டியாக ஒரு குழாய் போல நிற்க, நடுவில் இருக்கும் இளகிய பகுதி முன்னோக்கிப் பாய்ந்து, நுனியை அடைந்ததும் பக்கவாட்டில் ஒதுங்கிக் கெட்டியாகிவிடும். பின்பக்கம் கெட்டியாக இருந்தது இளகி மறுபடி ஓட்டத்தில் சேரும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2009-ல் ஒரு சிறிய உருளைப்புழுவின் கருவில் சில மணிகளை உற்று ஆராய்ந்தபோது, அவை திடப்பொருள் இல்லை, சவ்வே இல்லாத திரவத் துளிகள் என்று தெரிய வந்தது. ஒன்றோடு ஒன்று மோதினால் இணைந்து ஒரே துளியாகிவிடுகின்றன. சவ்வு இருந்தால்தான் தனி அறை என்று நாம் படித்திருக்க, சவ்வே இல்லாமலும் சைட்டோபிளாசம் தனக்குள் தனித்தனி இடங்களை வகுத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் பள்ளிப் பாடத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டிய செய்தி இது.

உள்ளே என்னவெல்லாம் கரைந்திருக்கிறது?

அயனிகள், சர்க்கரை, அமினோ அமிலங்கள், நொதிகள் என்று பட்டியல் நீளும். பட்டியலைவிட முக்கியமானது, வெளியே இருப்பதிலிருந்து அது எவ்வளவு வித்தியாசமாக இருக்கிறது என்பது. நம் உடல் செல்களில் பொட்டாசியம் வெளியில் இருப்பதைவிடச் சுமார் 30 மடங்கு அதிகம், சோடியமோ பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். கால்சியம் இன்னும் ஆச்சரியம், வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் சைட்டோசாலில் மிதக்கிறது. இப்படிக் குறைத்து வைத்திருப்பதால்தான் கொஞ்சம் கால்சியம் உள்ளே வந்தாலும் செல் உடனே கவனித்துவிடுகிறது. நீங்கள் கையை மடக்கும் ஒவ்வொரு முறையும் தசை செல்லின் உள்ளே இருக்கும் பைகளிலிருந்து கால்சியம் சைட்டோபிளாசத்தில் கொட்டப்படுகிறது, தசை சுருங்குகிறது, அப்புறம் அது மறுபடி பைக்குள் இறைக்கப்படுகிறது.

அமில காரத் தன்மையிலும் இதே கதைதான். சைட்டோசாலின் பிஎச் 7.2-ஐ ஒட்டி இருக்கும், லைசோசோமுக்கு உள்ளே சுமார் 5. லைசோசோமின் செரிக்கும் நொதிகள் தப்பித்தவறிக் கசிந்தாலும், சைட்டோபிளாசத்தின் பிஎச்சில் அவற்றால் சரியாக வேலை செய்ய முடியாது. செல்லுக்கு அது ஒரு பாதுகாப்பு.

சரி, சைட்டோபிளாசம் உண்மையில் என்ன வேலை செய்கிறது? நுண்ணுறுப்புகளைத் தாங்குவது மட்டும்தானா?

தாங்குவதும் ஒரு வேலைதான், ஆனால் அதோடு நிறுத்தினால் பெரிய அநியாயம்.

முதலில் ஆற்றல். நாம் சாப்பிடுவதிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ் நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவதில்லை. முதலில் சைட்டோசாலில் 10 படிகளில், ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி என்று, இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாக உடைகிறது. இதுதான் கிளைக்காலிசிஸ். செலவு போக 2 ஏடிபி (செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் மூலக்கூறு) மிஞ்சும், ஆக்சிஜன் தேவையில்லை. வேகமாக ஓடும்போது ஆக்சிஜன் வந்து சேரும் வேகம் போதாமல் போனாலும் தசை உடனே நின்றுவிடாததற்குச் சைட்டோபிளாசத்தில் நடக்கும் இந்த வேலை ஒரு முக்கியக் காரணம்.

இதை உறுதியாகக் காட்டிய சோதனை 1897-ல் நடந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த எட்வர்ட் புக்னர் ஈஸ்ட் செல்களை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாற்றை மட்டும் எடுத்தார். அதில் முழு செல் ஒன்றுகூட இல்லை. அந்தச் சாற்றில் சர்க்கரையைச் சேர்த்ததும் குமிழ்கள் வந்தன, கார்பன் டை ஆக்சைடும் ஆல்கஹாலும் உருவாயின! நொதித்தல் நடக்க உயிருள்ள செல் வேண்டும் என்று அதுவரை பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். செல்லின் உள்ளே இருந்த சாறே போதும் என்று இந்தச் சோதனை காட்டியது. 1907-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உயிர்வேதியியல் என்ற துறைக்கே இது ஒரு தொடக்கம்.

இரண்டாவது புரதம். உட்கருவிலிருந்து தகவலைச் சுமந்து வரும் ஆர்என்ஏ சைட்டோபிளாசத்துக்கு வந்த பிறகுதான் ரைபோசோம்கள் அதைப் படித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்கின்றன. டிஎன்ஏ உட்கருவில் இருக்கலாம், ஆனால் அது சொல்வதைச் செய்து முடிக்கும் இடம் சைட்டோபிளாசம். இது போக, விலங்கு செல்களில் கொழுப்பு அமிலங்கள் உருவாவது, தாவர செல்களில் சுக்ரோஸ் உருவாவது, கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் சேமிக்கப்படுவது எல்லாம் இங்கேதான்.

இவ்வளவு நெரிசலில் ஒரு பொருள் இடம் மாறுவது எப்படி?

செல் சிறியதாக இருக்கும்வரை பெரிய பிரச்சினை இல்லை, மூலக்கூறுகள் தாமாகவே அலைந்து திரிந்து போய்ச் சேர்ந்துவிடும். பரவலுக்கு ஒரு குணம் உண்டு, தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். உங்கள் முதுகுத்தண்டிலிருந்து கால் பாதம் வரை போகும் நரம்பு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் நீளம் ஒரு மீட்டரைத் தொடும். செல்லின் உடலில் செய்த புரதம் மறுமுனைக்குத் தானாகப் பரவித்தான் போக வேண்டும் என்றால் நூற்றாண்டுகள் ஆகிவிடும்.

அதனால் செல்லுக்குள் பாதைகள் இருக்கின்றன. செல் சட்டகம் என்று படித்திருப்பீர்கள், அது மூன்று வகை இழைகளால் ஆனது: 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள், 7 நானோமீட்டர் ஆக்டின் இழைகள், இரண்டுக்கும் நடுவில் சுமார் 10 நானோமீட்டர் இடைநிலை இழைகள். நுண்குழல்களின் மேல் கைனசின் என்ற புரதம் சரக்கைச் சுமந்துகொண்டு உண்மையிலேயே அடி எடுத்து வைத்து நடக்கிறது. ஒரு அடி 8 நானோமீட்டர், ஒரு அடிக்கு ஒரு ஏடிபி செலவு. இப்படி நரம்பு செல்லில் சில பொருள்கள் ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை போகின்றன, அதாவது பாதத்தை அடையச் சில நாட்கள் போதும்.

"சட்டகம்" என்ற சொல்லைக் கேட்டு எலும்பு மாதிரி நிலையாக நிற்கும் என்று நினைக்க வேண்டாம். இந்த இழைகளில் பல தொடர்ந்து கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் வருகின்றன. செல் நகரும்போதும் வடிவம் மாறும்போதும் புதிதாகப் பாதை போடப்படுகிறது.

சைட்டோபிளாசமே ஓடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இத்தாலியின் பொனவெஞ்சுரா கோர்ட்டி 1774-லேயே காரா என்ற நீர்த்தாவரத்தில் இதைப் பார்த்துவிட்டார். காராவின் ஒரு செல் சில சென்டிமீட்டர் நீளம் இருக்கும், அவ்வளவு பெரிய செல்லுக்கு வெறும் பரவல் போதாது, அதனால் சைட்டோபிளாசம் முழுவதும் செல்லைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. வேகம் நொடிக்கு 100 மைக்ரோமீட்டர் அளவுக்குப் போகும். ஆக்டின் இழைகளின் மேல் மயோசின் என்ற புரதம் நகரும்போது சுற்றியுள்ள திரவமும் இழுபடுகிறது. உங்கள் தசையைச் சுருக்குவதும் ஆக்டினும் மயோசினும்தான். சளிப்பூஞ்சையான பைசேரம் இன்னும் வேகம், ஆயிரக்கணக்கான உட்கருக்கள் கொண்ட அந்த ஒற்றை செல்லின் சைட்டோபிளாசம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னுமாகப் பாயும்.

உட்கருதான் செல்லின் தலைவன், சைட்டோபிளாசம் அதன் பேச்சைக் கேட்பது மட்டும்தானே?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும், ஏனென்றால் பதில் "இல்லை" என்பதோடு, அதைக் காட்டிய சோதனைகளும் அருமையானவை.

அசிட்டாபுலேரியா என்ற கடல்பாசி சில சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே செல். அடியில் உட்கரு, நடுவில் தண்டு, மேலே குடை. 1930-களில் ஹேமர்லிங் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அதன் குடையையும் அடிப்பகுதியையும் வெட்டி எடுத்துவிட்டு நடுத்தண்டை மட்டும் வளர விட்டார். உட்கரு இல்லாத அந்தத் துண்டாலும் புதுக் குடையை உருவாக்க முடிந்தது. உட்கரு ஏற்கெனவே அனுப்பி வைத்த ஆர்என்ஏக்கள் சைட்டோபிளாசத்தில் காத்திருந்தன, அதுதான் காரணம். அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகு புதிதாக எதுவும் செய்ய முடியாது. ஆக உட்கரு வேண்டும்தான், ஆனால் ஒவ்வொரு நொடியும் அது கட்டளை போட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

அடுத்தது இன்னும் ஆழமானது. ஜான் கர்டன் தவளையின் முட்டையில் இருந்த உட்கருவைப் புற ஊதாக் கதிரால் அழித்துவிட்டு, தலைப்பிரட்டையின் குடல் செல்லில் இருந்து எடுத்த உட்கருவை உள்ளே வைத்தார். குடல் செல்லின் உட்கரு குடல் செல்லின் வேலையை மட்டும்தானே செய்ய வேண்டும்? ஆனால் சில முட்டைகள் முழுத் தவளையாகவே வளர்ந்தன. 1962-ல் அவர் வெளியிட்ட இந்த ஆய்வுக்கு 2012-ல் நோபல் பரிசு வந்தது. 1996-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி ஆட்டுக்குட்டியும் இதே வழியில் வந்ததுதான், அங்கே உட்கரு ஒரு வளர்ந்த ஆட்டின் மடி செல்லிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டிலும் பழைய உட்கருவை மறுபடி ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தது முட்டையின் சைட்டோபிளாசம். எந்த மரபணு இப்போது வேலை செய்ய வேண்டும், எது அடங்கி இருக்க வேண்டும் என்பதில் சைட்டோபிளாசத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

உட்கரு இல்லாமல் சைட்டோபிளாசம் மட்டும் வைத்துக்கொண்டு செல் வாழுமா?

கொஞ்ச காலம் வாழும், உங்கள் ரத்தத்திலேயே உதாரணம் இருக்கிறது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நிரம்பிய சைட்டோபிளாசம்தான் அது. தேவையான ஏடிபியை மேலே சொன்ன கிளைக்காலிசிஸ் வழியாக எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 120 நாள் ஓடுகிறது. புதுப் புரதம் செய்துகொள்ள முடியாது, பிரிய முடியாது, பழுதானால் அவ்வளவுதான். ரத்தத் தட்டுகளோ முழு செல்களே இல்லை, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய செல்லின் சைட்டோபிளாசம் துண்டு துண்டாக உதிர்ந்து வருபவை. தாவரங்களிலும் உணவைக் கடத்தும் சல்லடைக் குழாய் செல்களுக்கு உட்கரு கிடையாது, பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணை செல்கள் அவற்றைப் பார்த்துக்கொள்கின்றன.

பாக்டீரியாவுக்குச் சைட்டோபிளாசம் உண்டா? வைரஸுக்கு?

பாக்டீரியாவுக்கு உண்டு. உட்கரு உறை இல்லாததால் டிஎன்ஏவும் சைட்டோபிளாசத்திலேயே கிடக்கிறது, ஆர்என்ஏ உருவாகிக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம் அதில் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடும். வைரஸுக்குக் கிடையாது. அதனால்தான் அது பெருக வேண்டுமானால் இன்னொரு செல்லுக்குள் நுழைந்து அதன் ரைபோசோம்களையும் மூலப்பொருள்களையும் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

தாவர செல்லில் சைட்டோபிளாசம் ஓரமாக ஒதுங்கி இருப்பது ஏன்?

முதிர்ந்த தாவர செல்லில் நடுவில் இருக்கும் பெரிய வாக்குவோல் (நீர் நிறைந்த பை) 90 சதவீதம் வரைகூட இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சைட்டோபிளாசம் சுவரை ஒட்டி மெல்லிய அடுக்காகிவிடும். அளவு குறைவு, வேலை குறைவில்லை. சுவரில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகப் பக்கத்து செல்லின் சைட்டோபிளாசத்தோடு நேரடித் தொடர்பும் இருக்கும், விலங்கு செல்களில் சுவர் இல்லாவிட்டாலும் பலவற்றில் சவ்வில் இருக்கும் புரதக் கால்வாய்கள் இதே மாதிரித் தொடர்பைத் தருகின்றன. உப்பு நீரில் தாவர செல்லைப் போட்டால் தண்ணீர் வெளியேறி சைட்டோபிளாசம் சுவரிலிருந்து விலகிச் சுருங்குவதை நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்க்கலாம், ரியோ என்ற அழகுச்செடி இலையின் ஊதா நிற உரியில் இது மிக நன்றாகத் தெரியும்.

செல் பிரியும்போது சைட்டோபிளாசம் எப்படிப் பிரிகிறது?

விலங்கு செல்லில் ஆக்டினும் மயோசினும் சேர்ந்த ஒரு வளையம் நடுவில் இறுகி இரண்டாக்கும். தாவர செல்லில் சுவர் இருப்பதால் இறுக்க முடியாது, நடுவில் செல் தட்டு உருவாகி ஓரத்தை நோக்கி வளர்கிறது. மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லால் வெறுமையிலிருந்து உருவாக்க முடியாது, அதனால் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டும்.

சைட்டோபிளாசம் வழியாகப் பரம்பரைப் பண்புகள் வருமா?

வரும். 1909-ல் கார்ல் கோரன்ஸ் அந்திமந்தாரைச் செடியில் இதைக் கண்டார். பச்சைக் கிளைப் பூவின் சூலிலிருந்து வந்த விதை பச்சைச் செடியைத்தான் கொடுத்தது, வெளிறிய கிளைப் பூவின் சூலிலிருந்து வந்தது வெளிறிய நாற்றைத்தான் கொடுத்தது, மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் இதில் மாற்றம் இல்லை. பசுங்கணிகம் (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பு) தாயின் சூல்முட்டை சைட்டோபிளாசம் வழியாக வருவதால் இப்படி. மனிதரிலும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ தாயிடமிருந்தே வருகிறது, காரணம் அதேதான்.

சைட்டோபிளாசத்தைக் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. ராபர்ட் ஹூக் 1665-ல் தக்கையில் பார்த்த அறைகள் காலியாக இருந்தன, இறந்த செல்கள் என்பதால் உள்ளே சைட்டோபிளாசமே இல்லை. 1835-ல் டுஜார்டின் நுண்ணுயிர்களுக்குள் இருந்த பசை போன்ற பொருளை விவரித்தார், 1839-ல் புர்கின்ஜி புரோட்டோபிளாசம் என்று பெயர் வைத்தார், 1846-ல் வான் மோல் தாவர செல்களுக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சைட்டோபிளாசம் என்ற பெயர் 1863-ல் கோலிக்கர் கொடுத்தது.

தேர்வில் "சைட்டோபிளாசத்தின் பணிகள்" என்று வந்தால் எப்படி எழுதுவது?

தாங்குதல், கடத்துதல், சேமித்தல் என்று ஒற்றைச் சொற்களை அடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்வைச் சேர்த்து எழுதுங்கள்: வளர்சிதை மாற்றம் என்றால் கிளைக்காலிசிஸ், கடத்துதல் என்றால் நுண்குழல் மேல் நடக்கும் கைனசின், நகர்வு என்றால் அமீபாவின் போலிக்கால். திருத்துபவருக்கும் நீங்கள் புரிந்து எழுதியது தெரியும்.

சைட்டோபிளாசம் நகர்வதை நானே பார்க்க முடியுமா?

தாராளமாக. ஹைட்ரில்லா போன்ற நீர்த்தாவரத்தின் நுனியை ஒட்டிய இளம் இலை ஒன்று, ஒரு சொட்டுத் தண்ணீர், கண்ணாடித் தகடு, மூடுவில்லை, 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி, இவ்வளவு போதும். இலையைக் கொஞ்ச நேரம் நல்ல வெளிச்சத்தில் வைத்துவிட்டு, நடு நரம்பை ஒட்டிய நீளமான செல்களைப் பாருங்கள். பச்சை மணிகள் வரிசையாகச் சுவரோரம் நகரும். அவை தாமாக நீந்தவில்லை, சைட்டோபிளாசம் அவற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அது நிறமற்றது என்பதால் பசுங்கணிகங்களை வைத்துத்தான் ஓட்டத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஒரு செல்லில் எந்தத் திசையில் சுற்றுகிறது, பக்கத்து செல்லிலும் அதே திசைதானா என்று பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். எதுவுமே நகரவில்லை என்றால் சில நிமிடங்கள் பொறுங்கள், வெளிச்சமும் இளஞ்சூடும் கிடைத்ததும் பெரும்பாலும் தொடங்கிவிடும், இல்லாவிட்டால் வேறு இலையை எடுத்துக்கொள்ளுங்கள்.